சப்பாத்திக்கள்ளியின் சொந்த ஊரில்

நாங்கள் அரிசோனாவின் சாண்ட்லர் நகரில் குடியேறியது 2023 ஜூலையில். அந்தக் கோடையில்தான் பக்கத்திலுள்ள பீனிக்ஸில் பகல் வெப்பம் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. கோவில்பட்டிக் கரிசலில் வளர்ந்தவனாகையால், பாலைவனம் என்றால் வெயில்தானே, நாம் பார்க்காத வெயிலா என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதே நினைப்போடுதான் மறு ஆண்டு பிப்ரவரியில், மனைவியையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு, லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்காவில் கூடாரமடிக்கப் போனேன். குளிர்காலத்து வார இறுதிகளுக்கு இடம் வெகு முன்னதாகவே நிரம்பிவிடுவதால், எங்களுக்குக் கிடைத்தது ஒரு வியாழக்கிழமை இரவு.

பூங்கா, சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது. மூடநம்பிக்கை என்று ஒரு மலைக்குப் பெயர். டச்மேன் என்பவரும் டச்சுக்காரர் அல்லர். ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மானியர். ஜெர்மானியரையும் 'டச்' என்றே அழைப்பது அந்நாளைய அமெரிக்க வழக்கம், அதுவே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அவர் 1891-இல் இறந்த பின், இம்மலையில் அவர் கண்டதாகச் சொல்லப்படும் தங்கச் சுரங்கத்தைத் தேடாதவர் இல்லை. இதுவரை எவருக்கும் அது அகப்படவில்லை. என் பெயரை அலுவலகத்தில் அழைக்கும் விதத்தைப் பார்த்தால், அந்த மனிதரின் நிலைமை எனக்கு நன்றாகவே புரிகிறது.

மாலையில் சூரியன் இறங்க இறங்க, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான அந்தப் பாறைச் சுவர் செங்கல் நிறத்திலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. கட்டுச்சோறாகக் கொண்டுபோன புளியோதரையை மேசையில் வைத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் குளிரத் தொடங்கிவிட்டது. வெப்பத்தைப் பிடித்து வைக்க ஈரப்பதமோ மேகமோ இல்லாத காற்றில், பகலில் தரை வாங்கிய சூடெல்லாம் இரவில் வானத்துக்கே போய்விடுகிறது என்பதை நான் அங்கே தாடை நடுங்கத் தெரிந்துகொண்டேன். எங்களிடம் இருந்தவை இரண்டு பருத்திப் போர்வைகள். "பாலைவனத்துக்குக் கம்பளி எதுக்குன்னு கேட்டீங்களே" என்றாள் மனைவி. மகனை நடுவில் படுக்கவைத்து, கார் இருக்கையில் கிடந்த துண்டு வரைக்கும் எடுத்துப் போர்த்தினோம்.

காலையில் சைஃபன் டிரா பாதையில் நடந்தோம். பாதையோரம் சப்பாத்திக்கள்ளி கண்டதும் எனக்கு ஊர் வேலி நினைவுக்கு வந்தது. ஆனால் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து நம்மிடம் வந்த செடி அது, இதுதான் அதன் பிறந்த வீடு. மடிப்பு மடிப்பாக நிற்கும் சவாரோ கள்ளிகள் மழை பெய்தால் நீரை உறிஞ்சி, அந்த மடிப்புகள் விரியப் பருக்கின்றன. அவை முதல் கிளை விடவே ஐம்பது, எழுபது ஆண்டுகள் ஆகலாம்.

மற்றொரு கள்ளியைச் சோயா என்கிறார்கள். நாம் சமைக்கும் சோயாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சுப் பொம்மை போல் இருக்கும். மகனின் கெண்டைக்கால் அதில் இலேசாக உரசியதும், எலுமிச்சம்பழ அளவில் ஒரு துண்டு கழன்று ஒட்டிக்கொண்டது. முள்ளின் முனையில் பின்னோக்கிய நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் இழுக்க இழுக்கத் தோலும் கூடவே எழும்பியது. பதறிக் கைவைத்த என் விரலிலும் முள் ஏறிற்று. எதிரே இறங்கி வந்த முதியவர் ஒருவர், ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சீப்பை எடுத்து, துண்டுக்கும் தோலுக்கும் நடுவே அதன் பற்களைச் செருகி ஒரே வீச்சில் எறிந்தார். இப்படி எதிலாவது ஒட்டிப் போய் விழுந்த இடத்தில் வேர்விடுவதுதான் அந்தச் செடி பரவும் வழி என்றும் சொன்னார்.

பாதை ஒரு வழவழப்பான பாறைக் குடைவில் முடிகிறது. அதற்கு மேல் ஃபிளாட்அயர்ன் என்னும் தட்டையான முகட்டுக்குச் சரியான பாதையே இல்லை. அடிவாரத்திலிருந்து கணக்கிட்டால் 2,600 அடிக்கு மேல் ஏற்றம், பல இடங்களில் கையூன்றித்தான் ஏற வேண்டும். எனக்கு ஆசை இருந்தது. ஆனால் பாதித் தண்ணீர் தீர்ந்தால் திரும்பிவிட வேண்டும் என்று முதியவர் ஒரு கணக்கும் சொல்லிப்போயிருந்தார். கொண்டுவந்ததில் பாதி தீர்ந்திருந்ததால் அங்கேயே திரும்பினோம்.

அடுத்த பிப்ரவரிக்கு இடம் எடுத்தாகிவிட்டது. மூன்று கம்பளிகளும் ஒரு சீப்பும் இப்போது காரின் பின்பக்கத்திலேயே கிடக்கின்றன.