பால்வாடிக் குறிப்புகள்: ட, ப, ம

செப்டம்பர் 24, புதன்

மூன்றரை வயதுப் பையனின் அம்மா இரட்டை வரி நோட்டும் பென்சிலும் கொடுத்துவிட்டுப் போனார். "எங்க அக்கா மவன் எல்கேஜியிலயே ஒரு பக்கம் எழுதுறான் டீச்சர், இவன் களிமண்ணைப் பிசைஞ்சிட்டு வாரான்." சரிதான், பிசையத்தான் விடுகிறேன். பையன் பென்சிலை உலக்கை மாதிரி இறுக்கிப் பிடிக்கிறான், தோள் அசைகிறது, விரல் அசையவில்லை. விரலுக்கு வலு வர மண் உருட்டணும், காகிதம் கிழிக்கணும், புளியங்கொட்டை பொறுக்கணும், அதற்கப்புறம்தான் கோடு என்றேன். பாதிதான் ஏறியது.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று விஜயதசமி. பல வீடுகளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' போட வைத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம், எனக்கும் பிடிக்கும். ஆனால் மறுநாளே சிலேட்டைக் கொடுத்து அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக எழுதச் சொன்னால் பாவம், அத்தனை சுழியும் வளைவும் அந்தக் கைக்கு எப்படி வரும்? 'ட' என்றால் இரண்டே கோடு, 'ப' மூன்று, அதோடு 'ம'வும் வந்து, தலையில் புள்ளி வைக்கவும் பழகிவிட்டால் படம், மடம், பட்டம் எல்லாம் எழுதிவிடலாம். உயிரெழுத்தை அதுவரை பாட்டாகக் காதில் போட்டுக்கொண்டே இருப்பேன். 247 எழுத்தும் எங்கேயும் ஓடிப்போகாது.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை, நாலைந்து பேர்தான். 'ம' சத்தத்தில் தொடங்குவதைச் சொல்லச் சொன்னேன். மாடு, முட்டை, மாமா என்று வந்துகொண்டிருக்கும்போது ஒருவன் "ஆட்டுக்குட்டி" என்றான். ஏன்டா என்றால், "அது ம்ம்மேன்னுதானே கத்தும்!" காது நன்றாக வேலை செய்கிறது, ஒத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

கதவு, பாய், பானை என்று அந்தந்தப் பொருள் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டினேன். பேத்தியைக் கூட்டிப்போக வந்த தாத்தா பானைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "நாங்க படிக்கையில இப்படி இல்லையேம்மா" என்று சாக்பீஸை வாங்கி, கொம்பு தும்பிக்கையாக வளைந்து ஒட்டிக்கொள்ளும் பழைய 'னை'யைத் தரையில் போட்டுக் காட்டினார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அப்படித்தான். சுற்றி நின்ற வாண்டுகளுக்கு ஒரே குஷி, ஆளுக்கு ஒரு தும்பிக்கை போட்டார்கள், தரையெல்லாம் சாக்பீஸ். ஆயாம்மாதான் முறைத்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

அதே பேத்தி, ஐந்து வயதை நெருங்குகிறவள், இன்று யாரும் சொல்லாமலே சிலேட்டில் 'பானை' எழுதினாள். ப, பக்கத்தில் கால், அப்புறம் ன, அதற்கும் வலப்பக்கம் கடைசியாக ஐகாரக் கொம்பு. வேறு யாராவது பார்த்திருந்தால் தப்பு என்று அழித்திருப்பார்கள். எனக்கென்னவோ அவள் கணக்கு சரியாகத்தான் படுகிறது: காதில் 'ன்' முதலில், 'ஐ' அப்புறம், அந்த வரிசைப்படி எழுதிவிட்டாள். வாயில் பின்னால் வரும் கொம்பு எழுத்தில் முன்னால் போய் நிற்பது நம் எழுத்தின் குசும்பு, அதற்கு அவள் என்ன செய்வாள்? சிலேட்டை அழிக்கவில்லை. நாளைக்குக் கை, பை, மை, தை அட்டைகளை எடுக்கணும். எல்லாம் ஓரெழுத்துச் சொல், கொம்பை விரலால் மூடினால் 'க', விரலை எடுத்தால் 'கை'. அவளே மூடித் திறந்து பார்க்கட்டும்.