ஏழு நிமிடம்

மாலை 6:07 என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழந்தைகள் காப்பகத்தில் ஏழு நிமிடத் தாமதத்துக்கும் தனிக் கட்டணம். சரி, விதி விதிதான்.

மகள் அங்கிருக்கும் அக்காவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கையால் அவளைப் பிடித்தபடி, மறு கையால் பால் புட்டியைப் பையில் திணித்தார்.

மூலையில் ஒரு சிறுவன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

"என் பையன்தான் சார். இவனை விட்டுட்டு வர வேற இடமில்லை."

எங்களுக்கு வாடகைக்கு அடுத்த பெரிய செலவு இந்தக் காப்பகம். அவருக்கோ சொற்பச் சம்பளம். அப்புறம் பணம் எங்கேதான் போகிறது?

மர்மம் ஒன்றுமில்லை. மூன்று நான்கு கைக்குழந்தைகளுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஒருவரின் சம்பளத்தை மூன்று நான்கு குடும்பங்கள்தான் பங்கு போட வேண்டும். கட்டட வாடகை வேறு. 1960களில் பொருளியலாளர் வில்லியம் பாமோல் கச்சேரியை வைத்து இதைத்தான் சொன்னார்: நால்வர் வாசிக்கும் இசைக்கு என்றைக்கும் நால்வர்தான் தேவை. எந்த இயந்திரமும் அதை மூவராக்காது. தோளில் தூங்கும் குழந்தைக்கும் அப்படித்தான்.

வண்டியில் வரும்போது இன்னொன்று உறைத்தது.

இந்தக் கட்டணத்தை வீட்டில் எப்போதும் மனைவியின் சம்பளத்தில்தான் கழிக்கிறோம். "மிச்சம் இவ்வளவுதானே, வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா?" என்று அவளிடம் கேட்காத உறவினர் இல்லை.

என் சம்பளத்தில் யாரும் கழித்துப் பார்த்ததில்லை, நான் உட்பட.