ஆண்டெனா ஏத்துறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு மாடி ஜன்னல அளந்து பாருங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தாமான்ல (குடியிருப்புல) மாடி இல்லாத டெரஸ் வீடு நம்மளது, பின்னாடி செம்பனை தோட்டம். ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறதுக்கு, எம்சிஎம்சி (தொலைத்தொடர்பு ஆணையம்) பரீட்சை பாஸ் பண்ணி 9டபிள்யூ2ன்னு ஆரம்பிக்கிற கால்சைன் (ரேடியோவுல நம்ம அடையாளப் பேரு) கைக்கு வந்ததும் அடுத்த வேலை ஆண்டெனா. ஈப்போ பக்கம் பேசணும்னா நடுவுல மலைங்க இருக்கு, அதனால உயரம் வேணும்.

கூட்டாளி ஒருத்தர் வந்து பாத்துட்டு, சைடு சுவத்துலயே பிராக்கெட் அடிச்சிடலாம், கேபிளும் குறைச்சல்னாரு. ஆனா அந்தப் பக்கத்து வீட்டு அக்கா மேல மாடி எடுத்து கட்டியிருக்காங்க, அவங்க பேரன் தூங்குற ரூம் ஜன்னல் சரியா ஆண்டெனா உயரத்துக்கு வருது, நடுவுல 3 மீட்டர்தான். அதுதான் எனக்கு உறுத்திச்சு.

கணக்கு ஒண்ணும் பெருசில்ல. என் ரேடியோ 50 வாட், ஆண்டெனா 6 டிபிஐ, அதாவது பக்கவாட்டுல 4 மடங்கா குவிச்சு அனுப்பும், ஆக 200 வாட். அத 4 பெருக்கல் பை (3.14) பெருக்கல் தூரத்தோட வர்க்கத்தால வகுத்தா ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு வாட் விழுதுன்னு வந்துடும். 3 மீட்டருக்கு 1.77 வந்துச்சு. நான் பேசுற 144 மெகாஹெர்ட்ஸ்ல பொதுமக்களுக்கு இக்னிர்ப்ங்கிற சர்வதேச கதிர்வீச்சு பாதுகாப்பு அமைப்பு சொல்ற உச்ச அளவு சதுர மீட்டருக்கு 2 வாட், நம்ம எம்சிஎம்சியோட கட்டாயத் தரமும் இக்னிர்ப்ப ஒட்டினதுதான். அப்ப பாஸ்னு தோணும்ல? ஆனா தரையும் தகரக் கூரையும் அலைய திருப்பி அடிக்கும், அதுக்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்சிசியோட கையேட்டுல 2.56ன்னு ஒரு பெருக்கல் எண் குடுத்திருக்காங்க, அத போட்டா 4.5 ஆயிடுது, பாதி நேரம் நான் பேசாம கேட்டுக்கிட்டுதான் இருப்பேன்னு கழிச்சாலும் 2.2க்கு மேல நிக்குது. அந்த இடம் வேணாம்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

பின் மூலையில கல்வனைஸ் பைப் நட்டா அதே ஜன்னல் 11 மீட்டர் தள்ளிப் போவுது. தூரம் ரெண்டு மடங்கானா விழுறது நாலுல ஒரு பங்கா குறையும், அதனால இங்க திருப்பி அடிக்கிறதையும் சேத்தே 0.34தான், அதுவும் விடாம பேசுனா. கேபிள்ல போற நஷ்டத்த நான் கழிக்கவே இல்ல.

பைப் நடுறத பாத்துட்டு அக்கா வேலி ஓரமா வந்து, "தம்பி, இதுல பிள்ளைக்கு கேன்சர் கீன்சர் வந்துடாதே?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஒண்ணும் இல்லக்கான்னு மழுப்பி அனுப்ப எனக்கு மனசு வரல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011ல ரேடியோ அலைய "இருக்கலாம், ஆதாரம் போதல"ங்கிற 2பி பிரிவுல வச்சத சொன்னேன், இப்ப இருக்கிற அளவெல்லாம் உடம்புத் திசு சூடாகாம இருக்க போட்டது, அதுலயும் பொதுமக்களுக்கு வேலை செய்றவங்கள விட 5 மடங்கு கடுமையா வச்சிருக்காங்கன்னும் சொன்னேன், கணக்கு எழுதின பேப்பரையும் காட்டுனேன். அவங்க பயம் பூரா கீழ போர்ச்ல பேரன் விளையாடுறத பத்திதான், ஆனா இந்த மாதிரி நெட்டுக்குத்தா நிக்கிற ஆண்டெனா நேர் கீழ ரொம்பக் கம்மியாதான் அனுப்பும், அதே உயரத்துல எதிர்ல இருக்கிற மாடி ஜன்னலத்தான் பாக்கணும், அந்த ஜன்னலுக்காகத்தான்கா இடத்தையே மாத்துனேன்னு சொன்னதும் மொகம் தெளிஞ்சிச்சு.

பைப் நடும்போது முக்கியமா பாத்தது டிஎன்பி கரண்டு ஒயர். பைப் சாஞ்சா எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒயர தொடக்கூடாது, அவ்வளவு தள்ளி நட்டேன், மூணு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, அடியில எர்த் ராடு அடிச்சாச்சு. நம்ம ஊரு இடி தெரியும்தானே, வானம் கறுத்தா கேபிள கழட்டி வெளிய போட்டுடுவேன். ஆண்டெனாவுக்குக் கீழ கேபிள கொஞ்சம் சுருட்டி டேப் சுத்தியிருக்கேன், அலை கேபிளோட வெளிப்பக்கமா இறங்கி ரூமுக்குள்ள வராம இருக்க. பேசும்போது யாரும் கையால ஆண்டெனாவ தொட்டா சுட்டுடும், அதனால எட்டாத உயரம் கட்டாயம்.

இன்னொண்ணு பல பேரு யோசிக்கிறதே இல்ல: கூரை மேல ஏறுற ஆளு. ஆஸ்ட்ரோ டிஷ் பாக்க வர்றவரு, தண்ணி டேங்க் ரிப்பேருக்கு வர்றவரு, அவங்க ஆண்டெனா பக்கத்துலயே நிப்பாங்க. நான் ஆஃப் பண்றதோட விடறதில்ல, ரேடியோவோட பவர் ஒயரையே புடுங்கிடுவேன், வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன், பைப்லயும் தமிழ்லயும் மலாய்லயும் எழுதி ஒட்டியாச்சு.

மேல ஏத்தினதும் ஆண்டெனாவுக்கு அனுப்புற பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற எஸ்டபிள்யூஆர் மீட்டர் வச்சு பாத்தேன், நல்லா இருந்துச்சு. 25 வாட்லயே ஈப்போல இருந்து தெளிவா கேக்குதுன்னு பதில் வந்துடுச்சு, அதனால 50 போடுறதே இல்ல, ஜன்னல் கணக்கும் 0.17க்கு எறங்கிடுச்சு.