வேன் ஹீட்டர்: எலிமென்ட் மாற்றியதும் எர்த் சரிசெய்ததும்

வண்டி பழசு. பின்னால் படுக்கை, ஓரமாகச் சின்ன சமையல் மேடை, பெஞ்சுக்கு அடியில் 15 லிட்டர் வெந்நீர் ஹீட்டர். தண்ணீரை 12 வோல்ட் பம்ப் ஏற்றிவிடும். ஹீட்டருக்கான கரண்ட்டை மட்டும் வண்டியை நிறுத்துகிற இடத்திலிருந்து ஒயர் இழுத்துக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாளாகவே ஹீட்டரைப் போட்டால் தண்ணீர் சூடேறத் தொடங்கும் நேரத்தில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஸ்விட்ச்) விழுந்துவிடும். ஆறவிட்டுத் தூக்கிவிட்டால் நிற்கும், சூடேறியதும் திரும்ப விழும்.

பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "ஆர்.சி.சி.பி.ய எடுத்துட்டு நேரா எம்.சி.பி. போட்டுடலாம் சார், அப்புறம் விழவே விழாது" என்றார். அது விழாதுதான், ஆனால் ஆள் விழுந்துவிடுவார். எம்.சி.பி. அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். கசிவு கரண்ட் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் லைனை வெட்டுவது ஆர்.சி.சி.பி.தான். வீட்டைவிட வேனில் இது இன்னும் முக்கியம். வேன் நிற்பது ரப்பர் டயர் மேல். ஹீட்டருக்குள் கரண்ட் கசிந்து, எர்த் ஒயரும் விட்டுப்போயிருந்தால், வண்டியின் மொத்த இரும்பு உடம்பும் லைவ் ஆகிவிடும். மழை ஈரத்தில் வெறுங்காலோடு வந்து கதவுக் கைப்பிடியைப் பிடிப்பவர் வழியாகத்தான் கரண்ட் தரைக்கு இறங்கும். அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி.யை விட்டால் வேறு எதுவும் இல்லை.

அதனால் மல்டிமீட்டரை எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, முனைக்கு முனை வைத்ததில் 27 ஓம். 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட்டுக்கு அதுதான் சரியான அளவு. இதை மட்டும் பார்த்தால் எலிமென்ட் நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். முனைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே பார்க்க வேண்டும். ஆறிய நிலையில் அங்கே லட்சக்கணக்கில் ஓம் காட்டியது. சூடேற்றி, ட்ரிப் ஆன கையோடு பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தபோது 6 கிலோ ஓமுக்கு இறங்கியிருந்தது. 230ஐ 6000ஆல் வகுத்தால் 38 மில்லி ஆம்பியர். ஆர்.சி.சி.பி. தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது.

தண்ணீரை வடித்து, எலிமென்ட்டைத் தொட்டியோடு பிடித்திருக்கும் ஃபிளாஞ்ச் தட்டின் போல்ட்டுகளைக் கழற்றி எலிமென்ட்டை உருவினேன். செம்புக் குழாயே கண்ணுக்குத் தெரியவில்லை. சுற்றிலும் சுண்ணாம்புப் படிவம், விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. அதை உதிர்த்துவிட்டுப் பார்த்ததில், வளைவு திரும்பும் இடத்தில் மயிரிழைக் கோடு ஒன்று, அதன் இரு பக்கமும் பச்சைக் களிம்பு. குழாய்க்குள் சூடேறும் நிக்ரோம் கம்பியைச் சுற்றி இருப்பது மெக்னீசியம் ஆக்சைடு தூள். அது காய்ந்திருக்கும்வரைதான் இன்சுலேஷன். படிவம் மூடியதால் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, அங்கே விரிசல் விட்டு, அது வழியாக ஈரம் உள்ளே போயிருக்கிறது. சூட்டில் விரிசல் விரியும்போது கசிவும் கூடுகிறது. தொட்டி அரிக்காமல் இருக்கத் தான் கரைந்துகொடுக்கும் மெக்னீசிய ஆனோடு பக்கத்தில் இருந்தது, அதுவும் கரைந்து, நடுக்கம்பி மட்டும் மிச்சம். எல்லாம் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்து போர்வெல் தண்ணீரின் கைங்கரியம். கடலோரத்தில் உப்பும் சேர்ந்தே வருகிறது.

தொட்டிக்கு எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கும்வரை ஊறவிட்டு, இரண்டு முறை அலசினேன். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை இதற்குள் ஊற்றவே கூடாது. அது தொட்டியையும் சேர்த்து அரித்துவிடும்.

பாரிமுனையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. "அண்ணே, இதே ஃபிளாஞ்ச்ல 1000 வாட் கிடைக்குமா?"

"2000ல பழகிட்டு 1000 போட்டா சூடு பத்தலன்னு திரும்ப வருவீங்க தம்பி."

யோசித்துத்தான் கேட்டேன். 2000 வாட் 8.7 ஆம்பியர் இழுக்கும். சொந்தக்காரர் வீட்டு வாசலில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் பிளக், பெரிய பிளக்கைச் செருக அதில் கன்வெர்ட்டர் மாட்டினால் பின்கள் கருகும். 1000 வாட்டுக்கு 4.3 ஆம்பியர் போதும். சென்னைத் தண்ணீர் ஏற்கெனவே 28 டிகிரியில் இருக்கிறது, 60க்கு ஏற்ற 17 நிமிடத்துக்குப் பதில் 34 நிமிடம். ஊட்டியில் 15 டிகிரியிலிருந்து என்றால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. காத்திருக்கலாம், பரவாயில்லை.

புது ஆனோடு, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கினேன். வண்டி குலுங்குவதால் ஒயர் முனைகளுக்கெல்லாம் ஸ்பிரிங் வாஷர். தொட்டி நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் ஸ்விட்ச். ஆர்.சி.சி.பி. விழவில்லை.

அதோடு முடிக்க மனசு வரவில்லை, எர்த்தையும் பார்த்தேன். பிளக்கின் எர்த் பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே மீட்டர் முள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. பெஞ்சுக்குப் பின்னால், பெயின்ட்டுக்கு மேலேயே எர்த் ஒயரின் லக்கை (முனை வளையம்) வைத்து முறுக்கியிருந்தார்கள், சுற்றிலும் துரு. இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷரோடு புது லக் போட்டு, மேலே கிரீஸ் தடவினேன். இப்போது 1 ஓமுக்கும் கீழே நிற்கிறது. பழைய வேன் வைத்திருப்பவர்கள் ஹீட்டர் நன்றாக ஓடினாலும் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாக்கி இருப்பது, அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் ரிலீஃப் வால்வு. 15 லிட்டர் 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 200 மில்லி விரிகிறது. பம்ப்பில் ஒருவழி வால்வு (நான்-ரிட்டர்ன் வால்வு) இருப்பதால் அது பின்னால் போக வழியில்லை, ரிலீஃப் வால்வு வழியாகத்தான் சொட்ட வேண்டும். லீவரைத் தூக்கினால் நூலாகத்தான் வருகிறது, உள்ளே படிவம் அடைத்திருக்கிறது. புது வால்வு வாங்கியாயிற்று. மாட்டும்வரை ஹீட்டர் ஓடாது. அதன் பிறகு தொட்டியில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் மட்டும்தான்.