எங்கள் ஊர்ப் பெயர் சுமந்த கப்பல்

மார்ச் 7

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் நிற்கும் பழைய போர்க்கப்பலை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். பெயர் ‘டிரிங்கோமலி’. திருகோணமலையை ஆங்கிலேயர் வாயில் போட்டு மென்றால் இப்படித்தான் வரும். கப்பலின் முன்முனையான அணியத்தில் தலைப்பாகை கட்டிய ஓர் இந்தியரின் மரச்சிலை முன்னே துருத்திக்கொண்டு நிற்கிறது. கோணேசர் கோயில் வீதியில் அப்படி ஒரு தலைப்பாகையை நான் கண்டதே இல்லை.

கீழ்த்தளத்துக்கு இறங்கியபோது நெற்றியை உத்திரம் பதம் பார்த்தது.

மார்ச் 8

வீக்கம் வற்றவில்லை. இடித்தது மலபார் தேக்கு, நெற்றிதான் தோற்கும்.

பம்பாயில் இதைக் கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக்காரர். நெப்போலியனோடு மல்லுக்கட்டியதில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் தேக்கைத் தேடி வந்தார்கள். முதலில் அனுப்பிய வரைபடம் ‘ஜாவா’ என்ற கப்பலோடு போயிற்று. 1812 டிசம்பரில் அமெரிக்கரின் போர்க்கப்பல் ‘கான்ஸ்டிடியூஷன்’ அதைத் தோற்கடித்து எரித்துவிட்டது. இன்னொரு பிரதி வந்து, வேலை தொடங்கி, கப்பல் நீரில் இறங்கிய நாள் 1817 அக்டோபர் 12. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர் முடிந்தே இரண்டு ஆண்டுகள்! கல்யாணம் முடிந்தபின் வந்த மேளக்காரர் நிலைதான்.

மார்ச் 10

1819இல் போர்ட்ஸ்மவுத்துக்கு வந்ததும் வேலையில்லை என்று கட்டிப்போட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல்! 1847இல்தான் அழைப்பு வந்தது, அதுவும் பீரங்கிகளை 26 ஆகக் குறைத்த பிறகு. மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் அடிமை வியாபாரிகளைத் தேடி அலைந்தது; 1852 முதல் 1857 வரை பசிபிக்கில் ரோந்து. பிறகு பையன்களுக்குப் பயிற்சி தரும் கப்பல். ஓய்வே அதிகம் என்பதால்தான் பிழைத்தது என்று எனக்குப் படுகிறது.

1897இல் உடைக்க விற்றும்விட்டார்கள். ஜார்ஜ் வீட்லி காப் என்பவர் மீட்டார். ஆனால், அதே ஆண்டு பிளாக்பூல் கரையில் புயலுக்குப் பலிகொடுத்த தம் கப்பலின் பெயரான ‘ஃபூட்ராயன்’ என்பதை இதற்குச் சூட்டிவிட்டார். எங்கள் ஊர்ப் பெயர் திரும்பியது 1992இல்.

மார்ச் 14

அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் படங்களைக் காட்டினேன். இருநூறு வயதுத் தேக்கு என்றதும், “நம் வீட்டு நிலைக்கதவும் தேக்குதான் என்று அப்பா சொல்லி வாங்கினார், கறையான் தின்றுவிட்டதே” என்றார். பிறகு திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “நெற்றியில் என்ன அது?” என்றார்.

“அசல் தேக்கு, அம்மா.”