பொய் பிடிபட்டதும் வரும் அவசரம்

சம்பளப் பணக் கொள்ளையில் திருட்டுக் கார் இருந்தால், சந்தேக நபரை விசாரணைக்கு உட்கார வைப்பதற்கு முன்பே காரின் வரலாற்றை முடித்துவிட வேண்டும். வண்டி எப்போது, எங்கே திருடு போனது, நம்பர் பிளேட் எங்கிருந்து வந்தது, சம்பவத்துக்குப் பிறகு எங்கே கிடந்தது என்ற விவரங்களைத் தேதி வரிசையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியும் பிளேட்டும் வெவ்வேறு நாளில் போயிருந்தால், திட்டம் வெகு முன்பே போட்டதாக இருக்கலாம். வண்டியைத் தூக்கியவனும் துப்பாக்கி பிடித்தவனும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டுக்கும் கேள்விகளைத் தனித்தனியாகத் தயார் செய்ய வேண்டும்.

பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்தது. 1920 ஏப்ரல் 15 பிற்பகல், சவுத் பிரெய்ன்ட்ரீயில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் சம்பளப் பணம் 15,776 டாலர் 51 சென்ட்டை நடந்தே எடுத்துப்போன இருவரைச் சுட்டுக் கொன்று, பணப்பெட்டிகளோடு ஒரு கும்பல் காரில் தப்பியது. இரண்டு நாள் கழித்து வெஸ்ட் பிரிட்ஜ்வாட்டர் காட்டில் ஒரு பியூக் கார் கிடைத்தது. 1919 நவம்பரில் நீடம் ஊரில் திருடு போன வண்டி அது. பிளேட்டைக் காணோம்.

பிரிட்ஜ்வாட்டர் போலீஸ் தலைவர் மைக்கேல் ஸ்டூவர்ட்டின் சந்தேகம் மைக் போடா என்பவர் மேல் விழுந்தது. போடாவின் ஓவர்லேண்ட் கார் பழுது பார்க்க ஒரு கராஜில் நின்றது. யார் எடுக்க வந்தாலும் போலீஸுக்குச் சொல்லும்படி கராஜ் உரிமையாளரிடம் ஏற்பாடு. மே 5 இரவு போடாவோடு வந்தவர்களில் இருவர், இத்தாலியிலிருந்து குடியேறிய அனார்க்கிஸ்டுகளான (எந்த அரசும் வேண்டாம் என்பவர்கள்) சாக்கோவும் வான்செட்டியும், டிராமில் ஏறிப் போகும்போது பிராக்டனில் பிடிபட்டார்கள். இருவரிடமும் துப்பாக்கி.

அன்றிரவு ஸ்டூவர்ட் கேட்டதைப் பாருங்கள்: நீ அனார்க்கிஸ்டா, கம்யூனிஸ்டா, இந்த அரசாங்கம் உனக்குப் பிடிக்குமா? சம்பளப் பணத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள். போடாவைத் தெரியாது என்றார்கள், துப்பாக்கி வாங்கிய கதையும் பொய். மறுநாள் மாவட்ட அரசு வழக்கறிஞர் காட்ஸ்மேனிடமும் அதே பாட்டு. இந்தப் பொய்களே 1921 விசாரணையில் ‘குற்ற உணர்வுக்கு’ அடையாளமாக ஜூரி முன் போயின. நாடு கடத்தலுக்குப் பயந்து, நண்பர்களைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னோம் என்பது அவர்கள் தரப்பு. அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது: கைதுக்கு இரண்டு நாள் முன்புதான் அவர்களுடைய தோழர் சால்செடோ, நியூயார்க்கில் அதிகாரிகளின் பிடியில் இருந்தபோது மாடியிலிருந்து விழுந்து இறந்திருந்தார். 1927 ஆகஸ்ட் 23 அன்று இருவருக்கும் மரண தண்டனை நிறைவேறியது. குற்றம் யாருடையது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது அந்தக் கேள்விகள் மட்டும்.

எதைப் பற்றிக் கேட்கிறோம் என்றே சொல்லாமல் வாங்கிய பொய், எதை மறைக்கிறது என்று காட்டாது. மனிதன் கள்ளக்காதலை மறைக்கவும் பொய் சொல்வான், பழைய கடனை மறைக்கவும் சொல்வான். ஆகவே முதலில் எந்தச் சம்பவம், எந்தத் தேதி என்று சொல்லிவிட்டு, அன்றைய நாளைக் காலையிலிருந்து குறுக்கிடாமல் சொல்ல விட வேண்டும். வண்டி கிடைத்த இடம், பெட்டிகளின் எண்ணிக்கை, காரில் எத்தனை பேர் போன்ற விவரங்கள் நம் வாயிலிருந்து வரவே கூடாது. நாமே சொல்லிவிட்டால், பிறகு அவன் சொல்வது எல்லாம் நம் எதிரொலிதான். பொய் பிடிபட்டால் உடனே மேஜையைத் தட்டத் தோன்றும். அந்த அவசரம்தான் கேஸைக் கெடுக்கிறது. குறித்துக்கொண்டு, மற்றவற்றை முடித்து, கடைசியில் ஆதாரத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்கம் கேளுங்கள். கேட்ட கேள்வியும் வார்த்தை மாறாமல் பதிவாக வேண்டும். பதிலை மட்டும் எழுதிவைத்தால் நீதிமன்றத்தில் அதற்கு அர்த்தமே மாறிவிடும்.

கூட்டாளிகளைத் தனித்தனி அறையில் வைப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன், அழைத்து வரும் வண்டியிலேயே அவர்கள் பேசிக்கொண்டு வருவதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அடையாளம் காட்டுவதிலும் பிராக்டனில் சறுக்கல். வரிசையாக ஆட்களை நிறுத்தாமல், இவர்களை மட்டும் சாட்சிகளிடம் காட்டினார்கள். துப்பாக்கிக்காரனைப் போலக் குனிந்து நிற்கவும் வைத்தார்கள். அப்படிக் காட்டிய பிறகு சாட்சியின் மனதில் பதிவது ஸ்டேஷனில் பார்த்த முகம். பிறகு எத்தனை ஒழுங்கான அடையாள அணிவகுப்பு நடத்தினாலும், அவர் தெருவில் பார்த்த முகத்தை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.