அங்கிட்டு மழையே இல்லையா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து பேசிய அம்மா, எல்லாரையும் விசாரித்து முடித்தபின் சற்றுத் தயங்கி, "ஏப்பா, அங்கிட்டு இப்பல்லாம் மழையே பெய்றதில்லையா?" என்று கேட்டார். கோலாலம்பூரில் மழையில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல், அதாவது மதுரைக்குக் கிடைப்பதைப்போல் இரு மடங்குக்கும் அதிகமாகக் கொட்டுகிற ஊர் இது. அம்மாவுக்கு ஏன் இந்தச் சந்தேகம் வந்தது என்பது பேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

செந்தூல் அடுக்குமாடியில், பால்கனியில் பொருத்திய செயற்கைக்கோள் தட்டின் வழியே தமிழ் அலைவரிசைகளைப் பார்த்துவந்த ஒன்பது ஆண்டுகளிலும், மாலையில் இடியோடு மழை இறங்கினால் படம் முதலில் கட்டங்கட்டமாக உடையும்; கதாநாயகியின் கண்ணீர் பாதிக் கன்னத்தில் நிற்க, திரை கறுத்து, மலாயில் ஓர் அறிவிப்பு வரும். "போச்சு" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி தேநீர் போட எழுந்து போவாள். செய்வதற்கு வேறொன்றும் இல்லாத நான் அம்மாவை அழைப்பேன். இங்கே ஆறு மணி என்றால் அங்கே மூன்றரை; பகல் தூக்கம் கலைந்து காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்கும் நேரம். எடுத்தவுடன், "என்ன, படம் போயிருச்சா?" என்பார். எங்களுக்குள் வணக்கம், நலமா என்பதற்கெல்லாம் பதிலாக இருந்தது அதுதான்.

இணையவழிக்கு மாறி ஐந்து மாதங்கள் ஆகின்றன. பார்க்காத அலைவரிசைகளுக்கும் சேர்த்துக் கட்டிய பணம் மிச்சம். வெள்ளிக் கணக்கில் (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்) லாபமே. (ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் எப்போதோ போய்விட்டது. காலையில் எதிர்ப்படுகிறவரிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு நான் இந்த ஊர்க்காரன்.) மாறிய பின் வந்த முதல் பெருமழையில், இதோ உடையப்போகிறது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் அசையவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"மழை பெஞ்சா படம் ஏன்ப்பா போகணும்?" என்றாள் ஏழு வயது மகள். தட்டுக்கு வருபவை 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகள், அவற்றின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர், கனத்த மழையின் துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். கண்ணாடி இழை வழியே வருவதற்கோ மேகத்தோடு எந்த வழக்கும் இல்லை, போதாக்குறைக்கு அடுத்த சில நொடிகளின் படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது என்று விளக்கிக்கொண்டே போனவன், எந்த இடத்தில் மதுரை வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை, ஒலியும் ஒளியும் தொடங்கும் நேரம், அப்பா ஆன்டெனாக் கம்பத்தைக் கொடைக்கானல் கோபுரத்தின் பக்கமாகத் திருப்புகிறார், கூடத்திலிருந்து அம்மா, "தெரியுது... தெரியுது... ஐயோ, போயிருச்சு" என்று கத்துகிறார், அதை மாடிப்படியில் நின்று அப்பாவுக்கு அஞ்சல் செய்வது என் வேலை. பாட்டு முடிந்த பிறகே படம் தெளியும். மகள் அதற்குள் எழுந்து போயிருந்தாள்.

ஆக, படம் போகாததால் நானும் அழைக்கவில்லை. ஐந்து மாதமாக ஞாயிறு மட்டுமே, அதுவும் பெரும்பாலும் அம்மாவே.

நேற்று மாலை மழை பிடித்துக்கொண்டதும் அழைத்தேன்.

"படம் போயிருச்சா?" குரலில் அத்தனை மகிழ்ச்சி.

"ஆமாம்மா" என்றேன். கூடத்தில் தொடர் உச்சக்கட்டத்தில் இருந்தது. எவ்வளவு சைகை காட்டியும் என் மனைவி ஒலியைக் குறைக்கவில்லை.

"பின்னாடி யாரோ அழுகுற சத்தம் கேக்குதே?"

"பக்கத்து வீட்டு டிவிம்மா."

"அவுகளுக்கு மட்டும் போகலையா?" என்றார் அம்மா.